ஓர் இலை போதும்!

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடமில்லையே என்று ஏங்கும் சகோதரிகளுக்காக இந்தக் கட்டுரை. மாடி வீட்டில் குடியிருக்கிறீர்களா? வாசலில் பிடி மண்கூடக் கிடையாதா? உங்களுக்கென்று இருப்பது கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னலும், அதன் ஓரத்தில் இரண்டு முழ இடமும்தானா? கவலை வேண்டாம். அந்த இரண்டு முழத்தில் மூன்று நான்கு செடிகள் வைக்கலாம். வருஷத்தில் பாதி நாட்களுக்கு மேல் அவை பூத்துக் குலுங்கும். அதைவிட விசேஷம் ஒன்று உண்டு. இதுவரை உலகத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு புதுப் பூவை, பெரிய நர்சரியும் ஆராய்ச்சிச்சாலையும் இல்லாமல், அந்த ஜன்னலோரத்திலேயே நீங்கள் உண்டாக்கவும் செய்யலாம்!

அந்தச் செடிக்குப் பெயர் ஆப்பிரிக்கன் வயலெட். வெல்வெட்டுத் துணியைத் தொட்டதுபோல் மிருதுவான ரோமம் அடர்ந்த இலைகள், கோலத்தில் இழைத்த தாமரை மாதிரி வட்டமாகப் பரவியிருக்கும். நடுவிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கள் எழும்பும். நீலம், ஊதா, ரோஜா, வெள்ளை, இரு வர்ணம் கலந்தவை, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தாற்போன்றவை என்று எத்தனையோ வகை. தலையில் சூட்டிக்கொள்ள இந்தப் பூ உதவாது, வாசனையும் கிடையாது. ஆனால் குழந்தையோ பூனையோ ஓர் இலையைக் கடித்துவிட்டால் விஷமாகுமோ என்ற பயமும் கிடையாது.

மலையிலிருந்து ஜன்னலுக்கு

இந்தச் செடியின் பிறந்தகம் கிழக்கு ஆப்பிரிக்கா. இன்று டான்சானியா என்று வழங்கும் தேசம் 1892-ஆம் வருஷத்தில் ஜெர்மானியர் ஆதிக்கத்தில் இருந்தது. டாங்கா ஜில்லாவின் அதிகாரியாக இருந்தவர் பாரன் வால்ட்டர் வான் செயின்ட் பால் என்ற பிரபு. உசம்பரா மலைப் பிரதேசத்தில், பாறை இடுக்கிலே, மர நிழலிலே, பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு பூத்திருந்த இந்த நீலப் பூ அவர் கண்ணில் பட்டது. செடிகொடிகளில் பிரியமுள்ள தம் தகப்பனாருக்கு அதை ஊருக்கு அனுப்பி வைத்தார். தகப்பனார் அதை ஹானோவர் நகரத்து ஹெரன்ஹௌஸன் தோட்டத்தின் தலைவரான ஹெர்மன் வெண்ட்லாந்திடம் சேர்ப்பித்தார். வெண்ட்லாந்து 1893-ல் அதற்கு 'செயின்ட்பாலியா இயோனந்தா' என்று நாமகரணம் செய்தார். முதற்பாதி தகப்பனுக்கும் பிள்ளைக்கும் செய்த மரியாதை. பிற்பாதிக்கு 'வயலெட்டைப் போன்ற பூவுடையது' என்று பொருள்.

'போன்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிஜமான வயலெட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை, குடும்பமே வேறு. இது ஜெஸ்னீரியா குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு நம் நீலகிரிக் காடுகளிலும் உறவினர் உண்டு. ஜெர்டோனியா என்ற சிறு செடி அவற்றில் ஒன்று. 2015-ல் தாவர நூலார் மறுபடியும் குலம் கோத்திரம் விசாரித்து, செயின்ட்பாலியாவைத் தனி இனமாக வைப்பது பொருந்தாது என்று முடிவு கட்டி, 'ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ்' என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் செடி வளர்ப்பவர்கள் வாயில் பழைய பெயர்தான் இன்னும் வழங்கி வருகிறது.

1920-களில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்து நர்சரிக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை தருவித்து, ஏராளமான நாற்றுக்களை வளர்த்து, அவற்றில் பத்தே பத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தப் பத்தில் ஒன்றுதான் 'புளூ பாய்'. அமெரிக்க வீடுகளில் இந்தச் செடி குடியேறியது அந்தப் பையனின் தயவால்தான். அவன் வம்சத்திலே அடுக்கிதழ்ப் பூ ஒன்று தானாகத் தோன்றியது. இலையின் அடியில் வெள்ளைப் பொட்டு வைத்த மற்றொரு செடியும் தோன்றியது. அதற்கு 'புளூ கேர்ல்' என்று பெயர் வைத்தார்கள். பொட்டு வைத்தது பெண்ணாகத்தானே இருக்க வேண்டும்!

யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ல், அட்லாண்டா நகரத்தில் இந்தச் செடிக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அங்கேயே அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலெட் சங்கம் உதயமாயிற்று. குழல் விளக்குகளும் வீடுகளில் பரவிய காலம் அது. வெயில் எட்டாத நிலவறையில்கூட விளக்கொளியில் செடி வளர்த்தார்கள். சமையலறை ஜன்னலிலும் நிலவறை அலமாரியிலும் பொழுதுபோக்காக இதில் இறங்கியவர்கள் புதுப் புது ரகங்களை உண்டாக்கினார்கள். உலகத்தில் எங்கே யார் புது ரகம் உண்டாக்கினாலும் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பு இன்று அந்தச் சங்கத்தினிடம்தான் இருக்கிறது. பதிவானவை பல ஆயிரம்.

செடியின் சுபாவம்

கலப்பினம் செய்வது இருக்கட்டும். முதலில் செடி பிழைக்க வேண்டுமல்லவா? அதன் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அது மலைக்காட்டு நிழலில் பிறந்தது. ஆகவே வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் ஆகாது. காலை இளவெயில் படும் கிழக்கு ஜன்னல் உத்தமம். ஜன்னல் வசதி இல்லாதவர்கள் குழல் விளக்குக்கு ஓர் அடி கீழே வைத்து, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விளக்குப் போடலாம். இரவில் எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும். நம்மைப் போலவே அதற்கும் தூக்கம் அவசியம்.

உஷ்ணம் 18 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருந்தால் அதற்கு மிகவும் சந்தோஷம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்வாசிகள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். சென்னைவாசிகள் கார்த்திகை, மார்கழியில் தொடங்கி, கோடை வந்ததும் வீட்டிலேயே குளுமையான அறைக்குச் செடியை மாற்றிவிட வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் மொட்டு உதிர்ந்தால் மனம் தளர வேண்டாம். செடி தப்பினால் பூ மறுபடி வரும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலருடைய செடி மாண்டுபோகிறது. காரணம் அன்பு மிகுதி! தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் அழுகிவிடும். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் இலைமேல் பட்டால் திடீர்க் குளிர்ச்சியில் உள்ளே இருக்கும் பச்சைய அணுக்கள் சிதைந்து, வெள்ளை வளையம் வளையமாகத் தழும்பு விழும். ஆகவே முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை, இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணில் ஊற்ற வேண்டும். இன்னும் சுலபமான வழி ஒன்று: தொட்டியின் அடித் துவாரத்தின் வழியே நைலான் கயிறு ஒன்றை மண்ணுக்குள் செலுத்தி, மறு முனையைக் கீழே வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுவிடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் கயிறு தண்ணீரை இழுத்துக் கொடுக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் பயமில்லை.

மண் கனமாக இருக்கக் கூடாது. நன்றாகக் கழுவிய தேங்காய் நார்த் தூளும் பெர்லைட்டும் கலந்து வைத்தால் வேருக்குக் காற்றும் கிடைக்கும், ஈரமும் நிற்கும். பெரிய தொட்டி வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். செடியின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள தொட்டியே ஏற்றது. ஒன்பது அங்குலம் பரவிய செடிக்கு மூன்று அங்குலத் தொட்டி. வேர் நெருங்கினால்தான் பூப்பதற்குப் புத்தி வரும்.

இலை நடும் விதம்

இனி விஷயத்துக்கு வருவோம். சிநேகிதி வீட்டில் ஓர் அழகான செடி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க மனம் கூசுகிறது. செடி வேண்டாம்; ஓர் இலை கேளுங்கள்!

வெளி வரிசையில் உள்ள முதிர்ந்த இலை வேண்டாம். நடுவிலுள்ள குருத்தும் வேண்டாம். உள்ளிருந்து இரண்டாவது மூன்றாவது வரிசையில், பூச்சி அரிக்காத நல்ல இலையாகப் பாருங்கள். காம்போடு எடுத்து, காம்பு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் இருக்கும்படி, சுத்தமான பிளேடால் சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் காயத்தின் பரப்பு அதிகம். வேரும் குட்டியும் கிளம்புவதற்கு அதிக இடம் கிடைக்கும்.

ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் துவாரமிட்டு, ஈரமான பெர்லைட் கலவை நிரப்பி, காம்பை அரை அங்குல ஆழத்தில் சாய்த்து நடுங்கள். ஈரம் 'பிழிந்த துணி' அளவுக்கு இருந்தால் போதும். கண்ணாடிப் பாத்திரத்தாலோ பிளாஸ்டிக் பையாலோ மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். செடியின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிச் செருக மறக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து எல்லா இலையும் ஒன்றுபோலத்தான் தோன்றும்!

மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் இலையின் காலடியில் மண்ணைப் பிளந்துகொண்டு எலிக்காது மாதிரி குட்டி இலைகள் தலைகாட்டும். ஒரே காம்பில் மூன்று நான்கு செடிகள்கூட வரலாம். ஆவலில் உடனே பிரிக்கக் கூடாது. குட்டியின் இலை தாய் இலையில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்த பிறகு, வேரோடு மெதுவாகப் பிரித்துத் தனித் தனியே நடலாம். கார்த்திகையில் நட்ட இலை பொங்கல் சமயத்தில் குட்டி போடும். கோடையை ஜாக்கிரதையாகத் தாண்டிவிட்டால், நவராத்திரிக் கொலுவில் பூவோடு வைக்கலாம்.

இப்படி வரும் செடி தாய்ச் செடியின் அசல் நகல். இதற்கு ஒரு விலக்கு உண்டு. வெள்ளை இதழில் நீலக்கோடு ஓடி, காற்றாடி போல் தோன்றும் சில ரகங்களில் இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரே செடியாக வாழ்கின்றன. காம்பிலிருந்து முளைக்கும் குட்டி அவற்றில் ஒரு வகையைத்தான் கொண்டு வரும், கோடு மறைந்துவிடும். அத்தகைய ரகங்களில் பக்கத்தில் கிளைக்கும் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். மற்றொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். சில புது ரகங்களுக்குக் காப்புரிமை உண்டு. உரிமையாளர் அனுமதியின்றி அவற்றைப் பெருக்கி விற்கக் கூடாது.

பூக்களுக்குக் கல்யாணம்

நகல் எடுத்தாயிற்று. புதுசு உண்டாக்க வேண்டுமானால் விதை வேண்டும். விதைக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும்.

பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் பிளந்த பாசிப்பருப்பைப் போல இரண்டு மஞ்சள் பைகள் தெரியும். அவைதாம் மகரந்தப் பைகள். பக்கத்தில் மெல்லிய நூல்போல ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனிதான் சூல்முடி. அடியில் இருக்கும் சிறு உருண்டை சூல்பை. இந்த நூல் சில பூக்களில் இடப்பக்கமும், சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருப்பது ஒரு வேடிக்கை. காட்டிலே வண்டு வந்து ரீங்காரமிட்டு உலுக்கினால் பை திறந்து மகரந்தம் கொட்டும். ஜன்னலோரத்துக்கு அந்த வண்டு வருவதில்லை. அதனால்தான் வீட்டுச் செடி வருஷக்கணக்காகப் பூத்தும் காய்ப்பதில்லை. வண்டின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும்.

தாயாக வைத்துக்கொள்ளும் செடியில், மலர்ந்து நாலைந்து நாளான பூவைத் தேர்ந்தெடுங்கள். சூல்முடி பிசுபிசுவென்று இருந்தால் முகூர்த்தம் வந்துவிட்டது. அதே பூவின் மஞ்சள் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தகப்பனாகப் போகும் செடியிலிருந்து ஒரு பையை எடுத்து, கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்து, ஊசியால் கீறித் தட்டினால் மஞ்சள் பொடி விழும். அந்தப் பொடியைச் சிறு தூரிகையாலோ விரல் நுனியாலோ எடுத்துச் சூல்முடியில் தடவுங்கள். அவ்வளவுதான், மாங்கல்ய தாரணம் ஆயிற்று! காம்பில் ஒரு நூலைக் கட்டி, 'தாய் இன்னது, தந்தை இன்னது, தேதி இன்னது' என்று சீட்டுத் தொங்கவிடுங்கள். ஒன்றுக்கு நாலாகப் பூக்களில் செய்வது நல்லது, எல்லாம் பலிப்பதில்லை.

பலித்தால் இரண்டு மூன்று வாரத்தில் சூல்பை பருக்கும். பிறகு நான்கிலிருந்து ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். காய் பழுப்பாகிக் காய்ந்து சுருங்கியதும் பறித்து, மேலும் சில வாரம் காகித உறையில் உலர விடுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் மூக்குப்பொடியைப் போல அத்தனை நுண்ணியது. பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தும்மலையும் அடக்கிக்கொள்ளுங்கள்!

ஜாதகப் பொருத்தம்

எந்தப் பூவுக்கு எந்தப் பூவைக் கொடுத்தால் எப்படிக் குழந்தை பிறக்கும்? மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளை வைத்து 1866-ல் வெளியிட்ட கணக்கு இங்கேயும் செல்லும். பரம்பரையாக நீலமே பூக்கும் செடியையும் ரோஜா நிறச் செடியையும் சேர்த்தால், குழந்தைகள் எல்லாம் நீலமாகவே பூக்கும். 'ரோஜா நிறம் எங்கே போயிற்று?' என்று ஏங்க வேண்டாம். அது உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் இரண்டை மறுபடி சேர்த்தால், பேரக் குழந்தைகளில் நாலுக்கு ஒன்று ரோஜா நிறத்தில் வரும். பாட்டியின் மூக்கு பேத்திக்கு வருவதில்லையா? அந்தக் கதைதான். ரோஜாவையும் ரோஜாவையும் சேர்த்தால் ரோஜாவே வரும். அடுக்கிதழும் இலையின் வெள்ளைப் பொட்டும் ஓங்கும் குணங்கள். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலும் குழந்தைகளில் பலருக்கு வந்துவிடும்.

ஆனால் கடையில் வாங்கும் ரகங்கள் பல தலைமுறையாகக் கலந்தவை. அவற்றுள் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ, காய் வெடித்துச் செடி பூத்தால்தான் தெரியும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். அதில் எழுதாத கல்யாணம் நடக்காத கல்யாணத்துக்குச் சமானம்.

ஈரக் கலவையின்மேல் விதையை மடித்த காகிதத்திலிருந்து தட்டித் தட்டித் தூவுங்கள். மண்ணால் மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். கண்ணாடி மூடி போட்டு வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பல்குத்தும் குச்சியால் எடுத்து நடும் அளவுக்கு வளர்ந்ததும் இடைவெளி விட்டு மாற்றி நடுங்கள். விதைத்த நாளிலிருந்து எட்டுப் பத்து மாதத்தில் முதல் பூ. மகரந்தம் தடவிய நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.

எதை வைப்பது, எதை விடுவது?

அந்த முதல் பூ மலரும் நாளில்தான் உண்மையான பரீட்சை. நாற்பது நாற்று வளர்த்தால் நாற்பதும் அழகாக இருக்குமென்று எண்ணாதீர்கள். அநேகம் பெற்றோரைவிடச் சுமாராகவே இருக்கும். பிள்ளைபோல் வளர்த்தவற்றைத் தள்ள மனம் வராது. ஆனால் ஜன்னல் நீளாதே! நிறம் மட்டும் போதாது. இலை வட்டம் ஒழுங்காக இருக்கிறதா, பூ இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறதா, சீக்கிரம் உதிராமல் தங்குகிறதா, மறுபடி மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அண்டை அயலாருக்குக் கொடுத்துவிடுங்கள். பிடித்ததிலிருந்து இலை எடுத்து நட்டு, அந்தக் குழந்தையும் அதே மாதிரி பூக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதைப் புது ரகம் என்று சொல்லலாம்.

இத்தனை பேர் இத்தனை காலம் முயன்றும் கைகூடாத நிறங்கள் இன்னும் உண்டு. மஞ்சள் சாயல் 1980-களின் முடிவில்தான் வந்தது, அதுவும் இளமஞ்சள். செம்பருத்தியின் சிவப்போ சூரியகாந்தியின் மஞ்சளோ இன்னும் வந்தபாடில்லை. விண்வெளிக்கும் இதன் விதை போய் வந்திருக்கிறது. 1984-ல் அமெரிக்கர்கள் ஏற்றிய விதைகள், பூமியைச் சுற்றிச் சுற்றி 1990-ல்தான் இறங்கின. அவற்றையும் விதைத்துச் செடியாக்கினார்கள்.

பிறந்தகத்தின் நிலை

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. உலகமெங்கும் கோடிக்கணக்கான ஜன்னல்களில் வாழும் இந்தச் செடி, தன் பிறந்தகத்தில் இடமில்லாமல் தவிக்கிறது. உசம்பராவிலும், கென்யாவின் டைட்டா குன்றுகளிலும், கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளிலும் இதன் காட்டு வகைகள் இருக்கின்றன. சில வகைகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு குன்றுதான் வீடு. மேலே நிழல் தரும் மரத்தை மரக்கட்டைக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டினால், கீழே பாறையிலிருக்கும் செடி ஒரே கோடையில் கருகிவிடும். நாம் வளர்க்கும் ரகங்களில் பெரும்பாலானவை ஆதியில் வந்த மிகச் சில காட்டுச் செடிகளின் சந்ததி. நமக்கு இன்னும் வாய்க்காத குளிர் தாங்கும் குணமோ, உஷ்ணம் தாங்கும் குணமோ அந்தக் காட்டுப் பாறைகளில் ஒன்றில் இருக்கலாம். பாறை வெறுமையானால் அதுவும் போயிற்று. எந்த இலையை நட்டும் திரும்பப் பெற முடியாது.

ஆகவே, சகோதரிகளே, செடி வாங்கும்போது காட்டிலிருந்து பெயர்த்ததை வாங்காதீர்கள். வீட்டிலும் நர்சரியிலும் வளர்ந்ததையே வாங்குங்கள். புதிதாக வந்த செடியை மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, மூன்று வாரம் தனியே வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள். வருகிற கார்த்திகையில் ஓர் இலையோடு ஆரம்பியுங்கள். அது பூத்து, உங்கள் கை பழகிய பிறகு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கலாம். பெண்ணுக்குப் பெயர் என்ன வைப்பது என்று இப்போதே வீட்டில் சண்டை போட வேண்டாம். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது!